தமிழில் ஒரு வரி

அமெரிக்காவில் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் எம்கேட் என்னும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாரானேன். வேதியியலும் உயிரியலும் கைவந்துவிட்டன. வாசிப்புப் பகுதிதான் வாட்டியெடுத்தது. 90 நிமிடங்களில் 9 உரைப்பகுதிகள், 53 கேள்விகள். மாதிரித் தேர்வுகளில் கடைசி உரைப்பகுதியைத் தொடவே நேரமிருக்காது.

ஒருநாள் தவறிய கேள்விகளை மட்டும் கோடு போட்ட நோட்டில் எழுதி, எந்தச் சொல் என்னைத் தவறான விடைக்கு இழுத்தது என்று குறித்தேன். உண்மை முகத்தில் அறைந்தது: பாதிக்கு மேல், உரையில் இல்லாததை என் பொது அறிவிலிருந்து எடுத்து விடையளித்திருந்தேன். அந்தப் பகுதிக்கோ வெளியறிவே தேவையில்லை!

அதன்பின், ஒவ்வோர் உரையையும் படித்ததும் கையால் மறைத்துக்கொண்டு, "இவர் என்னதான் சொல்கிறார்?" என்று தமிழில் ஒரே வரியில் வாய்விட்டுச் சொல்வேன். சொல்ல வராவிட்டால் புரியவில்லை என்று பொருள். ஆறாவது வாரம், எல்லாம் முடிந்தும் 4 நிமிடம் மிச்சமிருந்தது.