பிள்ளையின் கல்லூரிச் செலவில் பிரிந்துபோன துணையிடம் பங்கு கேட்பது எப்படி

மகளைக் கல்லூரியில் சேர்த்து, முதல் கட்டணத்தையும் கட்டிய பிறகுதான் அவள் அப்பாவிடம் பங்கு கேட்டேன். "என்னைக் கேட்டா சேர்த்தீங்க?" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மகன் விஷயத்தில் ஒரு வருடம் முன்பே பேச்சைத் தொடங்கினேன்.

முதலில் விவாகரத்துத் தீர்ப்பை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். 'கல்விச் செலவு' என்று மட்டும் இருக்கிறதா, கல்லூரி, விடுதி என்று பிரித்திருக்கிறதா, எந்த வயது வரை? பல நாடுகளில் பராமரிப்புத் தொகை 18 வயதோடு நின்றுவிடும். சில இடங்களில் படிப்பு முடியும்வரை கேட்கலாம், சில இடங்களில் பிள்ளையே தன் பெயரில் கேட்க வேண்டும். அந்தப் பிறந்தநாள் வருவதற்குள் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கணக்கு. கட்டணம், விடுதி, புத்தகம், மடிக்கணினி, பயணம், மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, உதவித்தொகையைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தைச் சரிபாதியாகப் பிரிக்காமல் வருமான விகிதத்தில் பிரிப்பது நல்லது. மகன் சேரும் சமயத்தில் என் சம்பளம்தான் அதிகம். அதனால் அவரிடம் 40 சதவீதம்தான் கேட்டேன். அதைப் பார்த்ததும் அவர் குரலே மாறியது.

எழுத்தில் கேளுங்கள். நான் அனுப்பியது இவ்வளவுதான்: "மகன் இந்தப் படிப்பில் சேர விரும்புகிறான். செலவு விவரம் இணைத்திருக்கிறேன். உங்கள் பங்கு 40 சதவீதம். கல்லூரிக்கே நேராகக் கட்டலாம். 15ஆம் தேதிக்குள் பதில் சொல்லுங்கள்." முதலில் எழுதியதில் பழைய வருத்தங்கள் ஒரு பக்கம் இருந்தன. ஒரு இரவு தள்ளிப் போட்டுவிட்டு, காலையில் எல்லாவற்றையும் அழித்தேன்.

பிள்ளையைத் தூது அனுப்பவே அனுப்பாதீர்கள். மகளை ஒருமுறை அனுப்பினேன். வெறுங்கையோடு வந்து, அப்பாவுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அது என் தவறு. மகனோடு கல்லூரி பார்க்கப் போனபோது அவரையும் அழைத்தேன், வந்தார்.

ஒப்புக்கொண்டால் இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு வருடம் வீணானால், படிப்பு மாறினால் யார் கட்டுவது என்பதையும் சேர்த்துவிடுங்கள். முடிந்தால் அதை நீதிமன்ற உத்தரவாகவே பதிந்துகொள்ளுங்கள். வெறும் கையெழுத்தைவிட அதற்கு வலு அதிகம்.

மறுத்தால் சமரசப் பேச்சு, அதுவும் பலிக்காவிட்டால் நீதிமன்றம். இருவரின் வருமானம், பிள்ளையின் மதிப்பெண், அந்தப் படிப்பு அவசியமா என்பதெல்லாம் அங்கே கேள்வியாக வரலாம். செலவழித்து முடித்த பணத்தை வாங்குவது கடினம், வரப்போகும் செலவுக்குக் கேட்பது எளிது. மகளின் முதல் கட்டணத்தில் எனக்கு எதுவும் திரும்பவில்லை.

இப்போது கட்டணம் கட்டியதும் ரசீதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுகிறேன், அவர் கேட்காவிட்டாலும்.