இலைமறை காயைப் படமாக வரைவது எப்படி?

‘அவங்க இலைமறை காய்’ என்கிறோம். இதை வரையச் சொன்னால் ஆந்திராவில் எங்க நகரி ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நாலு இலை, ஒரு மாங்காய், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திவிடுவார்கள். சித்தூர் சீமையில் மாந்தோப்புக்குக் குறைவில்லையே, மாங்காய் மட்டும் அச்சு அசலாக இருக்கும். உவமை படத்துக்குள் வந்திருக்காது.

முதலில், ஆளுக்கும் காய்க்கும் எது பொது என்று பிடியுங்கள். வினை, பயன், மெய், உரு என்று நான்கு சொல்கிறது தொல்காப்பியம்: செயல், விளைவு, வடிவம், நிறம். வடிவமோ நிறமோ என்றால் சுலபம். நகரி மலை முனை மூக்கு மாதிரி இருக்கிறது, பார்த்தபடி கோடு இழுத்தால் முடிந்தது. இலைமறை காயில் பொதுவாக இருப்பது மறைந்திருத்தல், அதாவது வினை. அதனால் மாங்காயைத் தைரியமாக விட்டுவிடலாம்.

அடுத்து, ஆள். தறி ஓட்டும் ஒரு அம்மா என்று வைப்போம். அவரை மறைக்கும் இலையை மரத்தில் தேட வேண்டாம், அவர் நெய்யும் சேலையின் இலைக்கொடியே போதும்.

ஏ4 தாளில் எச்பி பென்சிலால் முகத்தை மெல்லிசாக, முழுசாக வரையுங்கள். பாதி முகம்தானே தெரியப்போகிறது என்று பாதியை மட்டும் வரைந்தால் கண் இடம் மாறிவிடும். அதன் மேல் இலைகளை வரைந்து, இலைக்குள் சிக்கிய முகக்கோட்டை அழித்துவிடுங்கள். இடுக்கில் ஒரு கண், மூக்குத்தி, நூலைப் பிடித்த விரல்நுனி மட்டும் மிஞ்சட்டும்.

அப்புறம் கறுப்புப் பேனா. காளஹஸ்தியில் துணியில் வரையும் கலம்காரி ஓவியத்திலும் புளியங்குச்சிக் கரியால் வரைந்து, இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பில் கோடு போட்ட பிறகுதான் மற்ற வண்ணங்கள். இலைக்கும் முகத்துக்கும் கோடு ஒரே தடிமனில் இருக்கட்டும். முகக்கோடு தடித்தால் ஆள் வெளியே வந்துவிடுவார், மறைவு போச்சு. வண்ணம் ஒரே பச்சை, மூக்குத்திக்கு மட்டும் மஞ்சள்.

இது கைவந்தால் ‘மதில் மேல் பூனை’ போட்டுப் பாருங்கள், அதுவும் வினைதான். ‘மழை மாதிரி கொடுப்பவர்’ கொஞ்சம் கஷ்டம். அங்கே பொது, பயன். மேகத்தையும் வள்ளலையும் விட்டு, வாங்கியவர் வீட்டு அடுப்பை வரைய வேண்டியிருக்கும்.

சரி, படம் தேறியதா? தலைப்பைச் சொல்லாமல் வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள். ‘உள்ளே யாரு?’ என்று கேட்டால் தேறியது. ‘இலை அழகா இருக்கு’ என்றால் கண்ணருகே ஓர் இலையைக் குறைத்து மறுபடி வரையுங்கள்.