பழைய காடியில் எஞ்சின் விளக்கு வந்து வந்து போகிறதா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

ஃபெடரல் ஹைவே ஜாமில் எரிந்த எஞ்சின் விளக்கு, செந்தூல் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அணைந்துவிடும். "இப்ப ஒன்னும் இல்லையே அண்ணே, ஓட்டிப் பாருங்க" என்று ஃபோர்மேன் அனுப்பிவைப்பார். அடுத்த வாரம் மறுபடியும் எரியும். செகண்ட் ஹேண்ட் காடி வாங்கிய பலருக்கு இந்தத் தலைவலி உண்டு.

விளக்கு அணைந்ததும் கோளாறு தீர்ந்தது என்று நம்பிவிடுகிறோம். பெரும்பாலான காடிகளில், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அந்தக் கோளாறு தலைகாட்டாவிட்டால் எஞ்சின் கணினி விளக்கை அணைத்துவிடும். எந்தக் கோளாறு என்று குறிக்கும் கோளாறு எண்ணை மட்டும் உடனே அழிக்காது. எஞ்சின் ஆறிச் சூடாகும் சுற்று ஏறக்குறைய 40 ஆகும்வரை வைத்திருக்கும். அதனால் விளக்கு எரியாத நாளிலும், அந்த எண்ணைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதைவிட மோசமானது, தொல்லை விட்டது என்று பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது, அல்லது படிக்காமலேயே எண்ணை அழிப்பது. கோளாறு பதிவான நொடியில் எஞ்சினின் சுழற்சி, சூடு, சுமை, காடியின் வேகம் எல்லாவற்றையும் கணினி குறித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். எண்ணோடு அதுவும் போய்விடும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பி0171 என்ற எண்ணையே பாருங்கள்: பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று பொருள். ஜாமில் சும்மா நிற்கும்போது பதிவாகியிருந்தால் காற்றுக் குழாயில் வெடிப்பா என்று முதலில் பார்க்கலாம். கெந்திங் மேடு ஏறும்போது என்றால் சந்தேகம் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போகும். எண் ஒன்றுதான், செலவு வேறு.

காடியை விற்பவரும் எண்ணை அழித்துவிட்டுக் காட்டலாம். ஸ்கேனரில் ரெடினஸ் பகுதியைப் பாருங்கள்; கணினி தானே செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்று அதில் தெரியும். பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால் அண்மையில் எதையோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். எது என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அப்புறம், எண்ணைப் படித்த கையோடு பொருளை மாற்றுவது. பி0420 வந்தால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு என்று முடிவு கட்டுவார்கள். புகைக் குழாயில் ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் அதே எண் வரலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்காக எரியவில்லை. சிலிண்டருக்கு ஒரு காயில் (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தருவது) உள்ள காடியானால், புதுக் காயில் வாங்குமுன் முதல் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். எண் பி0303 ஆனால் குற்றவாளி காயில்தான். மாறவில்லையென்றால் பிளக், இன்ஜெக்டர் என்று தேடலாம். ஹாஃப்கட் கடையில் மலிவாக வாங்கிய காயில் என்றால் இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

பெட்ரோல் மூடி சரியாக இறுகாமலும் சில காடிகளில் விளக்கு எரியும். இரண்டு வினாடி வேலை, பார்த்துவிடுங்கள். மழையா, ஏர்கோன் போட்டிருந்ததா, பெட்ரோல் எவ்வளவு இருந்தது என்று கைப்பேசியில் குறித்தும் வையுங்கள். ஃபோர்மேனுக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டெரித்துக்கொண்டிருக்கலாம். காலை எடுத்து, வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். சிமிட்டல் நிற்காவிட்டால் தோ லாரியைக் கூப்பிடுங்கள். புதுக் கன்வெர்ட்டர் விலைக்கு முன்னால் அந்தக் கூலி ஒன்றுமே இல்லை.