சோனௌலி வழியாக நடந்தே நேபாளம்: முதல்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

நேபாளத்துக்குத் தரைவழியாகச் செல்ல நினைக்கும் தமிழ்ப் பயணிகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது உத்தரப் பிரதேசத்தின் சோனௌலி எல்லையைத்தான். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு நேரடி ரயில் இருக்கிறது. அங்கிருந்து எல்லை சுமார் 100 கிலோமீட்டர். எல்லையைத் தாண்டிவிட்டால் லும்பினி, பொக்காரா, காத்மாண்டு என மூன்று திசைக்கும் வண்டி கிடைக்கும்.

எல்லைக் கோட்டைத் தாண்டுவது ஐந்து நிமிட வேலை. புதியவர்கள் பணத்தையும் நேரத்தையும் இழப்பது அதற்கு முன்னும் பின்னும்தான். ஆகவே இரண்டு விதிகளை மனத்தில் இருத்துங்கள். எல்லையை முற்பகலிலேயே கடந்துவிட வேண்டும். நேபாளத்துக்குள் செல்லும் பேருந்துக்கான டிக்கெட்டை நேபாள மண்ணில்தான் எடுக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் நிறைவேற்றுவதற்கானவை.

படி 1: ஆவணங்கள்

1950ஆம் ஆண்டின் இந்திய – நேபாள ஒப்பந்தத்தை ஒட்டி, இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. ஆனால் இந்தியர் என்று நிரூபிக்கும் ஆவணம் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை, இந்த இரண்டில் ஒன்று போதும். பலரும் ஆதார் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் ஆதார் பயண ஆவணமாகச் செல்லும். 15 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அடையாளச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா அவசியம். இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் நேபாளத்தைப் பொறுத்தவரை நீங்கள் வெளிநாட்டவர்தான். விசாவை எல்லையிலேயே பெறலாம். 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர், 90 நாளுக்கு 125 டாலர். இலங்கை சார்க் நாடு என்பதால், அந்நாட்டுப் பயணிகளுக்கு ஆண்டில் முதல் 30 நாள் விசா இலவசம். டாலரைப் பணமாகவே வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படமும் இரண்டு இருக்கட்டும். இந்தியா வழியாகத் திரும்புவதாக இருந்தால், உங்கள் இந்திய விசா மறுநுழைவை அனுமதிக்கிறதா என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இருமல் மருந்து, வலி மாத்திரை போன்றவற்றை எடுத்துச் செல்பவர்கள் மருத்துவரின் சீட்டையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிராமடால் மாத்திரையும் இந்த எல்லையில் அதிகம் கடத்தப்படுபவை. மருந்துப் பையைக் காவலர்கள் கிளறிப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

படி 2: கோரக்பூர் வரை

கேரளத்திலிருந்து வரும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம், சென்னை வழியாகக் கோரக்பூர் செல்கிறது. எல்லா நாளும் கிடையாது, வாரத்தில் சில நாட்கள்தான். சென்னையில் ஏறினால் ரயிலிலேயே இரண்டு இரவு கழியும். அவ்வளவு நேரம் பயணித்துவிட்டு அதே நாளில் எல்லைக்கு ஓடாதீர்கள். ரயில் நிலையத்தின் எதிரிலேயே விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. இரவு தங்கிவிட்டு மறுநாள் விடியற்காலையில் கிளம்புங்கள்.

கோரக்பூரின் நடைமேடை 1,366 மீட்டர் நீளம். 2023இல் ஹூப்ளி முந்தும் வரை உலகிலேயே நீளமான நடைமேடை இதுதான். கடைசிப் பெட்டியில் வருபவர்கள் வெளிவாயிலை அடையவே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் பெரிய சூட்கேஸைத் தவிர்த்து, முதுகுப்பையோடு வருவது நல்லது.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒருவர் நெருங்கி, "காத்மாண்டு வரை ஒரே டிக்கெட், ஏ.சி. பஸ், எல்லையில் மாறினால் போதும்" என்பார். வாங்காதீர்கள். அவர் தரும் சீட்டுக்கு எல்லைக்கு அப்பால் மதிப்பிருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அங்கே போன பிறகு கேள்வி கேட்கவும் ஆள் இருக்காது. மறுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

படி 3: கோரக்பூரிலிருந்து சோனௌலி

ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே அரசுப் பேருந்து நிலையம் இருக்கிறது. நடத்துநரிடம் "சோனௌலி பார்டர்" என்று கேட்டு ஏறிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். ஆட்கள் நிறைந்ததும் கிளம்பும் பங்கு ஜீப்புகளும் உண்டு. ரயிலிலேயே நௌதன்வா வரை போய், அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் ஆட்டோவில் செல்வது இன்னொரு வழி. ஆனால் ரயில் நேரம் ஒத்துவந்தால்தான் அது பயன்படும்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்தச் சமவெளி முழுவதும் மூடுபனி கவிந்துவிடும். ரயிலும் பேருந்தும் பல மணி நேரம் தாமதமாகலாம். அந்தப் பருவத்தில் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்குங்கள். இரு பக்கமும் தேர்தல் நாட்களை ஒட்டி எல்லையை மூடுவது வழக்கம். அதனால் பயணத் தேதியைக் குறிப்பதற்கு முன் செய்தித்தாளைப் பார்த்துவிடுவது அவசியம்.

படி 4: எல்லையைக் கடப்பது

பேருந்து எல்லை வாயில் வரை போவதில்லை, சற்று முன்பாகவே இறக்கிவிடும். சாலையின் ஓரத்தில் நேபாளம் செல்லக் காத்திருக்கும் லாரிகள் நீள வரிசையில் நிற்கும். அந்த வரிசையை ஒட்டியே நேராக நடங்கள். சைக்கிள் ரிக்ஷாக்காரர்களும் பேட்டரி ரிக்ஷாக்காரர்களும் "பார்டர், பார்டர்" என்று அழைப்பார்கள். பை கனமாக இருந்தால் ஏறலாம், இல்லையென்றால் தேவையே இல்லை.

இந்தியர்களும் நேபாளிகளும் இந்த வாயிலில் நிறுத்தமின்றி நடந்து போய்க்கொண்டே இருப்பார்கள். காய்கறி வாங்க வந்தவர், பள்ளிப் பிள்ளைகள், மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் குடும்பம் என எல்லோரும் ஒரே கூட்டம். இந்தியப் பக்கத்தில் சஷஸ்த்ர சீமா பல் காவலர்கள் பையைச் சோதிப்பார்கள், அடையாள அட்டையைக் கேட்டால் காட்டுங்கள். வாயிலைத் தாண்டியதும் நேபாள ஆயுதப் போலீஸார் மறுபடி பையைப் பார்க்கலாம். இந்தியக் குடிமகனுக்கு முத்திரை கிடையாது, படிவம் கிடையாது. நீங்கள் இப்போது நேபாளத்தின் பெலஹியாவில் நிற்கிறீர்கள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்கள் இங்கேதான் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக நீங்கள் நடந்து போனாலும் உங்களை யாரும் தடுக்காமல் போகலாம். இந்தியக் குடிவரவு அலுவலகம் சாலையோரக் கடைகளுக்கு நடுவே சிறியதாக இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, வெளியேறும் முத்திரையை வாங்கிய பிறகே வாயிலைத் தாண்டுங்கள். பிறகு பெலஹியாவில் நேபாளக் குடிவரவு அலுவலகத்துக்குப் போய் விசாவும் நுழைவு முத்திரையும் பெறுங்கள். இரண்டில் ஒன்று விடுபட்டாலும், நாட்டை விட்டு வெளியேறும் நாளில் பெரிய சிக்கலாகிவிடும். முத்திரையில் உள்ள தேதியை அங்கேயே நின்று சரிபாருங்கள்.

கைக்கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வையுங்கள். பேருந்துகள் நேபாள நேரப்படிதான் புறப்படும்.

படி 5: பணம், போன்

1993 முதல் இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 என்பது நிலையான விகிதம். 100 கொடுத்தால் 160. எல்லைக் கடைக்காரர்கள் இந்தியப் பணத்தை "ஐ.சி." என்றும் நேபாளப் பணத்தை "என்.சி." என்றும் சொல்வார்கள். யார் எந்த விலை சொன்னாலும் "ஐ.சி.யா, என்.சி.யா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். 500 என்று கேட்டு ஒப்புக்கொண்டுவிட்டு, இறங்கும்போது அது ஐ.சி. என்று தெரிந்தால் 300 ரூபாய் என்.சி. கூடுதலாகப் போய்விடும். இந்த ஒரு கேள்வி மிச்சப்படுத்தும் பணம் கொஞ்சமல்ல.

2018 டிசம்பரில் நேபாள அரசு 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளைத் தடை செய்தது. அதன் பிறகு விதி எப்படி மாறினாலும், சிறிய கடையிலும் பேருந்திலும் தயங்காமல் வாங்கிக்கொள்வது 100 ரூபாய் நோட்டைத்தான். வங்கியிலேயே 100 ரூபாய்க் கட்டு கேட்டு வாங்கி வாருங்கள். 2024 மார்ச் முதல் நம் யு.பி.ஐ. செயலிகளைக் கொண்டு நேபாளத்தின் ஃபோன்பே (Fonepay; நம்மூர் PhonePe அல்ல) கியூ.ஆர். பலகைகளில் பணம் செலுத்தலாம். செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இந்தியாவில் இருக்கும்போதே இயக்கி வையுங்கள், இந்திய சிம்மைப் போனிலிருந்து கழற்றாதீர்கள். இணையத்துக்கு நேபாள டெலிகாம் அல்லது என்செல் சிம் வாங்கிக்கொள்ளலாம். அடையாள ஆவணத்தின் நகலும் புகைப்படமும் கேட்பார்கள்.

படி 6: அங்கிருந்து எங்கே?

எல்லையைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே பெலஹியா பேருந்து நிலையம் வந்துவிடும். நான்கு கிலோமீட்டர் வடக்கே பைரஹவா நகரம். சித்தார்த்தநகர் என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர், பலகைகளில் இரண்டையும் பார்ப்பீர்கள்.

பிற்பகல் ஆகிவிட்டதா? யோசிக்காமல் லும்பினிக்குப் போய்விடுங்கள். பைரஹவாவின் புத்த சௌக்கில் லும்பினி சாலை பிரிகிறது. அங்கே நின்றால் உள்ளூர்ப் பேருந்து கிடைக்கும். சுமார் 20 கிலோமீட்டர்தான். புத்தர் பிறந்த இடம், 1997 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அசோகர் தாமே வந்து நிறுத்திய தூணும், அதில் இந்த ஊருக்கு வரியைக் குறைத்ததாக அவர் பொறித்த வரிகளும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அங்குள்ள கொரியப் புத்த மடாலயத்தில் பயணிகள் எளிய முறையில் தங்கலாம். நேபாளத்தின் முதல் இரவைக் கழிக்க இதைவிட அமைதியான இடத்தை நான் அறியேன்.

பொக்காராவுக்குச் சித்தார்த்த நெடுஞ்சாலை வழியாக, புட்வல், தான்சேன் தாண்டிச் செல்லும் பேருந்தைக் கேளுங்கள். ஏறத்தாழ 180 கிலோமீட்டர்தான் என்றாலும் எட்டு மணி நேரம் ஆகலாம். மலைப்பாதை முழுக்க வளைவுகள். குமட்டல் வருபவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். புட்வலைத் தாண்டியதும் வரும் சித்தபாபா பகுதியில் மழைக்காலத்தில் பாறைகள் உருளும்.

காத்மாண்டு சுமார் 270 கிலோமீட்டர். புட்வல் – நாராயண்கட் சாலை பல ஆண்டுகளாக அகலப்படுத்தப்பட்டு வருவதால் பயணநேரத்துக்குக் கணக்கே சொல்ல முடியாது. பத்து மணி நேரம் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். இரவுப் பேருந்து பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2024 ஜூலை 12 அதிகாலையில், நாராயண்கட் – முக்லிங் சாலையில் சிமல்தால் என்ற இடத்தில் ஏற்பட்ட நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றில் தள்ளிவிட்டது. அவற்றில் 60க்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தச் சாலையில் இரவில் பயணிக்காதீர்கள். ஒரு நாள் விடுதி வாடகையைப் பார்க்க வேண்டாம். மழை வலுத்தால் பைரஹவாவிலிருந்து காத்மாண்டுக்கு உள்நாட்டு விமானமும் இருக்கிறது. கௌதம புத்தர் சர்வதேச விமான நிலையம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது.

டிக்கெட்டைப் பேருந்து நிலையக் கவுன்ட்டரில் எடுங்கள். கையில் வாங்கியதும் மூன்றைப் பாருங்கள்: இருக்கை எண், புறப்படும் நேரம், தேதி. தேதி உங்களைக் குழப்பும். நேபாளத்தில் விக்ரம சம்வத் நாட்காட்டிதான் புழக்கத்தில் இருக்கிறது. 2026 ஏப்ரல் நடுவில் அங்கே 2083ஆம் ஆண்டு தொடங்குகிறது. பல சீட்டுகளில் எண்களும் தேவநாகரியில் இருக்கும். தமிழர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அவர்களுடைய மாதங்களும் நம்மைப் போலவே சூரிய மாதங்கள், புத்தாண்டும் நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வருகிறது. ஆகவே நம் தினசரி நாட்காட்டியில் புரட்டாசி 10 என்றால் அங்கே அசோஜ் 10, அதிகம் போனால் ஒரு நாள் வித்தியாசம் இருக்கும். மாதப் பெயரில் மட்டும் ஏமாறாதீர்கள். அவர்களுடைய கார்த்திக் நம்முடைய ஐப்பசி. போனில் தமிழ் நாட்காட்டிச் செயலி வைத்திருப்பவர்கள் கவுன்ட்டரிலேயே தேதியைச் சரிபார்த்துவிடலாம்.

புரட்டாசி, ஐப்பசியில் வரும் தசைன், திஹார் பண்டிகைகளின்போது நேபாளமே சொந்த ஊருக்குக் கிளம்பும். அந்த நாட்களில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது. சனிக்கிழமை அங்கே வார விடுமுறை, வங்கி வேலை எதையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 7: திரும்பும்போது

வந்த வழியே அப்படியே திரும்பலாம். வெளிநாட்டவர்கள் நேபாள முத்திரையை முதலிலும் இந்திய முத்திரையை அடுத்தும் வாங்க வேண்டும். மீதமுள்ள நேபாள ரூபாயைப் பெலஹியாவில் உள்ள பணமாற்றுக் கடையிலேயே மாற்றிவிடுங்கள், கோரக்பூரில் யாரும் வாங்க மாட்டார்கள். கோரக்பூரில் ரயிலைப் பிடிப்பவர்கள், மாலை ரயிலானாலும் எல்லையைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். சோனௌலியில் லாரி நெரிசல் இறுகிவிட்டால் பேருந்து ஊரை விட்டு வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆகலாம். அப்படிப்பட்ட நாளில் நெரிசலைத் தாண்டும் வரை நடந்து போய், அங்கே நிற்கும் பங்கு ஜீப்பில் ஏறிக்கொள்ளுங்கள்.