பேரு தொலைஞ்ச வேடியப்பனை வச்சு லைட் நாவல் எழுதுறது எப்படி

அரூர், ஊத்தங்கரை பக்கம் சுத்துனவங்களுக்குத் தெரியும், ஏரிக்கரையிலயோ புளியமரத்தடியிலயோ ஒரு பலகைக் கல்லு நிக்கும், அதுல ஒருத்தன் வில்லு புடிச்சிட்டு நிப்பான், மஞ்சளும் எண்ணெயும் அப்பி மூஞ்சியே தெரியாது, யாருன்னு கேட்டா வேடியப்பன்னுவாங்க. அடுத்த ஊருக்குப் போனா அங்கயும் ஒரு கல்லு, அவரும் வேடியப்பன். இதெல்லாம் நடுகல்லுங்க, மாடு ஓட்டிட்டுப் போக வந்தவங்கள மறிச்சு செத்தவனுக்கு நட்டது. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா பேரு இருந்துச்சு, நிறைய கல்லுல வட்டெழுத்துங்கற பழைய தமிழ் எழுத்துல வெட்டியே வச்சிருக்காங்க, நமக்குப் படிக்க வரல, ஊரு பூரா ஒரே பேரு வச்சுட்டோம். லைட் நாவல்னா ஜப்பான்ல படத்தோட வர்ற, பேச்சு நெறைஞ்ச சின்ன நாவல், அத எழுத தான் யாருன்னு தெரியாத அமானுஷ்ய கேரக்டர் வேணும்னு டோக்கியோவுல தேடிட்டு இருக்கோம், இங்க களத்துமேட்டுலயே நிக்குது.

எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு லைட் நாவல் சீரிஸை மட்டும் நல்லா பிரிச்சுப் பாருங்க, ஷாகுகன் நோ ஷானா. தகாஹாஷி யாஷிசிரோ எழுதுனது, படம் நோய்சி இதோ, 2002-ல டெங்கேகி புங்கோங்கற பதிப்பு வரிசையில முதல் வால்யூம், மெயின் கதை 22 வால்யூம் ஓடி 2011-ல முடிஞ்சது. அதோட அனிமே (ஜப்பான் கார்ட்டூன் தொடர்) பாத்தவங்க சண்டையையும் கதாநாயகி ஷானா கத்துற "உருசாய் உருசாய் உருசாய்"யையும்தான் ("வாய மூடு"ங்கற மாதிரி) ஞாபகம் வச்சிருப்பாங்க, நமக்கு வேண்டியது அது இல்ல. அந்தப் பொண்ணுக்கு ஆரம்பத்துல பேரே கெடையாது. அவ ஒரு ஃப்ளேம் ஹேஸ், அதாவது மனுசங்களோட "இருப்பை" தின்னுற வேற உலகத்து ஆளுங்கள வேட்டையாடுறவ, பேரு எதுக்குன்னு நெனைக்கறவ. ஸ்கூலுக்குள்ள வரணும்னதும் ஹிராய் யுகாரின்னு, இருப்பு தின்னப்பட்டு ஏற்கனவே தீந்துபோய்ட்டு இருந்த ஒரு பொண்ணோட எடத்துல போய் உக்காந்துக்கறா, கிளாஸ்ல இருக்கறவனுங்களும் அவளத்தான் ஹிராய்னு நம்பறானுங்க. அப்புறம் யூஜிங்கற பையன்தான் அவ கத்தி நியேதோனோ நோ ஷானாவுல இருந்து உருவி ஷானான்னு கூப்புடறான். ஏன் வச்சான்? கூப்புட ஒரு பேரு வேணும், அவ்ளோதான். அவன் நெலமை அத விட மோசம், அவன் நெசமான யூஜியே இல்ல, நெசமானவன் முன்னாடியே செத்துட்டான், மிஞ்சுனது டார்ச்னு சொல்ற ஒரு சின்ன நெருப்பு, அணைஞ்சா அம்மாவுக்குக்கூட அப்படி ஒரு புள்ள இருந்தது மறந்துரும். அவனுக்குள்ள இருக்கற ஒரு பொருளால தெனமும் நடுராத்திரி அந்த நெருப்பு மறுபடி நெரம்பிருது, அதனால தப்பிச்சிட்டு இருக்கான்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒண்ணுதான்: அடையாளம் தேடுற கேரக்டர் வாயைத் தொறந்து "நான் யாரு"ன்னு கேக்கவே கூடாது. நான் மொத தடவை எழுதுனப்ப என் வேடியப்பன் மூணு அத்தியாயம் தீர்த்தமலை மேல உக்காந்துட்டு வானத்தப் பாத்து இதையேதான் கேட்டுட்டு இருந்தாரு, படிக்கக் குடுத்த ஃப்ரெண்டு நாலாம் பக்கத்துல தூங்கிட்டான், அவன் மேல தப்பே இல்ல.

அதுக்கு பதிலா வாயில எதையாவது போடுங்க. ஷானாவுக்கு மெலன் பான்ங்கற ஜப்பான் இனிப்பு பன்னு, அதையும் சும்மா திங்க மாட்டா, வெளிய மொறுமொறு கொஞ்சம், உள்ள பஞ்சு கொஞ்சம்னு மாத்தி மாத்தி திங்கணும்னு கிளாஸே எடுப்பா, அந்த எடத்துலதான் அவ ஆயுதம் இல்ல ஆளுன்னு நமக்குத் தெரியுது. நம்ம ஆளு பல்லவர் காலத்துல செத்தவரு, கேவுரு களி அவருக்குத் தெரியும், புளி தெரியும், மொளகா தெரியாது. அதெல்லாம் போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்தது, வேர்க்கடலையும் தக்காளியும் அப்படித்தான் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்த சரக்கு. இப்ப பஸ் ஸ்டாண்டு ஓரமா ஒரு மொளகா பஜ்ஜி வாங்கிக் குடுங்க. கடிச்சாரா, கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, எதிரி விஷம் வச்சுட்டான்னு இடுப்புல இல்லாத வாளத் தேடறாரு, பஜ்ஜிக்கடை அக்கா கரண்டியோட நின்னு பாக்கறாங்க. அப்புறம் மெதுவா இன்னொண்ணு குடுன்னு கை நீட்டறாரு. ரெண்டாவது பஜ்ஜியிலதான் உங்க கேரக்டர் பொறக்கறாரு.

அடுத்து ரூல் ஒண்ணு வேணும், ஒண்ணே ஒண்ணு போதும். நான் வச்சது, கல்லுக்கு யாராவது வெளக்கு ஏத்துன நாள்ல மட்டும் அவரு மத்தவங்க கண்ணுக்குத் தெரிவாரு. ஆயா ஒருத்தங்க வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஏத்துவாங்க, ஆயாவுக்கு உடம்பு முடியாம போனா என்ன ஆகும்னு வாசகனே கணக்குப் போட்டுப்பான், நீங்க வெளக்க வேணாம். ரூலை அஞ்சாறு ஆக்குனா அதை வெளக்கவே ஒரு வால்யூம் போயிரும்.

தகவலுக்கு தருமபுரி அரசு அருங்காட்சியகம் போங்க, நடுகல்லு வரிசையா வச்சிருக்காங்க. பெரும்பாலும் ஒரே ஃபார்மேட்தான், இன்ன ராஜாவுக்கு இத்தனாவது வருசம், இன்னாரோட சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான். தொறுன்னா மாட்டு மந்தை, பட்டான்னா செத்தான். ஊர்ல நிக்கற கல்லுல எழுத்துப் பாக்கணும்னா சாயங்காலம் போய் போன் டார்ச்சை பக்கவாட்டுல இருந்து அடிங்க, நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, சரிச்சு அடிச்சா குழியில நெழல் விழுந்து எழுத்து எழுந்து நிக்கும். சுண்ணாம்பு, சாக்பீஸ் எல்லாம் தேய்க்காதீங்க, சாமியா கும்புடற கல்லு, பூசாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டே பண்ணுங்க.

சைஸ் பத்தி ரொம்ப மண்டைய ஒடைச்சுக்க வேணாம். ஜப்பான்ல லைட் நாவல்ங்கறது உள்ளங்கை சைஸ் புத்தகம், முன்னாடி கலர் படம் கொஞ்சம், நடுவுல கருப்பு வெள்ளை படம், பக்கம் பூரா பேச்சுதான் ஓடும். நம்ம பேச்சுல எழுதுங்க, கிருஷ்ணகிரி பக்கம்னா நடுவுல தெலுங்கும் கன்னடமும் வந்து விழட்டும். ஆனா வேடியப்பனுக்கு செந்தமிழ் குடுத்துறாதீங்க, பழைய சினிமா ராஜா மாதிரி ஆயிருவாரு, கம்மியா பேசவிட்டா போதும்.

பேரு வக்கிற சீன்தான் கஷ்டம், அத நான் நாலு தடவை அடிச்சு எழுதுனேன். மொதல்ல ஒரு ப்ரொஃபசர் வந்து கல்லைப் படிச்சு பேரைச் சொல்ற மாதிரி வச்சேன், ஆதார் ஆபீஸ் மாதிரி இருந்துச்சு. இப்ப இப்படி இருக்கு: கல்லுல பேரு இருந்த மூலை ஒடைஞ்சு போச்சு. ஆயாவோட பேத்தி, பதினொண்ணாவது படிக்கறவ, டார்ச் அடிச்சு ஒரே ஒரு வார்த்தைதான் எழுத்துக் கூட்டிப் படிச்சிருக்கா. மறுநாள் கடைசி டவுன் பஸ் கெளம்புது, இவரு பஜ்ஜிக்கடையில நிக்கறாரு, கண்டக்டர் விசில் அடிச்சுட்டாரு, கூப்பிடணும். ஃபுட்போர்டுல தொங்கிட்டே கத்தறா, "தொறுண்ணா! ஏறுங்கண்ணா!" அவரு கையில பஜ்ஜியோட ஓடிவந்து ஏறி, மூச்சு வாங்கி, ரெண்டு ஸ்டாப்பிங் தாண்டுனதுக்கு அப்புறமா சொல்றாரு, "ஏ புள்ள, அது மாட்டு மந்தை."