ஓர் உளவியல் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கைப் படிப்பது எப்படி?

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் ஒரு பேராசிரியரின் பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மொத்த மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ் என்று மூன்று வரி. மேற்கோள் என்றால் ஒருவரின் கட்டுரையை இன்னொரு கட்டுரை ஆதாரமாகச் சுட்டுவது. பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்து "அடேயப்பா" என்றோ "இவ்வளவுதானா" என்றோ சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். முனைவர் பட்டத்துக்கு நெறியாளர் தேடுகிறீர்களோ, கருத்தரங்குக்குப் பேச்சாளர் தேடுகிறீர்களோ, "முன்னணி உளவியலாளர்" என்று எங்கோ படித்துவிட்டுச் சந்தேகப்படுகிறீர்களோ, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பெட்டி சொல்லாத நிறைய விஷயம் கிடைக்கும்.

முதல் வேலை, ஆள் சரியான ஆள்தானா என்று பார்ப்பது. ஸ்காலர் கட்டுரைகளைத் தானாகவே சேர்க்கும், அதனால் அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். மன அழுத்தம் பற்றி எழுதுகிறவரின் பட்டியலில் திடீரென்று கான்கிரீட்டின் வலிமை பற்றி ஒரு கட்டுரை வந்தால் சிரித்துவிட்டு, மீதியையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஆர்சிட் எண் இருந்தால் நல்லது. 2012 முதல் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கப்படும் 16 இலக்க அடையாளம் அது, பெயரை மாற்றிக்கொண்டவர்களின் பழைய கட்டுரைகளையும் விடாமல் பிடிக்க உதவும்.

அப்புறம் எச்-இண்டெக்ஸ். ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு இது. ஆறு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஆறு மேற்கோள் வாங்கியிருந்தால் எண் 6, ஏழு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஏழு வாங்கியிருந்தால் 7. ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் அதன் மேலுள்ள பயம் போய்விடும். ஒருவருக்குப் பத்துக் கட்டுரைகள், அவற்றின் மேற்கோள்கள் 210, 64, 30, 12, 9, 7, 6, 6, 2, 0 என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். ஆறாவது கட்டுரைக்கு 7 மேற்கோள், சரி. ஏழாவதுக்கு 6தான், அங்கே நின்றுவிடுகிறது. ஆக எச்-இண்டெக்ஸ் 6. பத்தும் அதற்கு மேலும் வாங்கிய கட்டுரைகள் நான்கு, அதனால் ஐ10 என்பது 4. இப்போது முதல் கட்டுரையின் 210ஐ 2100 ஆக்குங்கள். எச்-இண்டெக்ஸ் அசையவே அசையாது! மொத்தக் கணக்கிலோ, இருக்கும் 346இல் 210 அந்த ஒரே கட்டுரையின் தயவு. மொத்தத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம், எச்-இண்டெக்ஸை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். நான் இரண்டையும் விட்டுவிட்டு, அதிக மேற்கோள் வாங்கிய முதல் ஐந்து கட்டுரைகளை வரிசையாகப் பார்ப்பதிலிருந்துதான் தொடங்குவேன்.

இன்னொன்று, எச்-இண்டெக்ஸ் ஏறுமே தவிர இறங்குவது அபூர்வம். முப்பது வருடம் எழுதியவரையும் எட்டு வருடம் எழுதியவரையும் பக்கத்தில் நிறுத்துவது நியாயமே இல்லை. முதல் கட்டுரை வந்ததிலிருந்து எத்தனை ஆண்டு என்று பார்த்து, எச்-இண்டெக்ஸை அதால் வகுக்கச் சொன்னவர் ஹிர்ஷேதான். அதே பக்கத்தில் உள்ள வரைபடத்தின் ஆண்டுவாரிக் கம்பங்களைப் பார்க்கும்போதும் நிதானம் தேவை. அவை அந்தந்த ஆண்டில் வந்த மேற்கோள்களைக் காட்டுகின்றன, எழுதிய கட்டுரைகளை இல்லை. பத்து வருடமாக எதுவும் எழுதாதவருக்கும் கம்பம் வளர்ந்துகொண்டே போகலாம்.

தளத்துக்குத் தளம் எண் மாறும், அதில் மோசடி ஒன்றுமில்லை. ஸ்காலர் ஆய்வேடுகள், முன்னச்சுகள் (ஆய்விதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் ஏற்றப்படும் கட்டுரைகள்), புத்தகங்கள் என்று கண்ணில் படுவதையெல்லாம் எண்ணும். மேற்கோள் எண்ணும் மற்ற தரவுத்தளங்களான ஸ்கோப்பஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் எண்ணும். ஆகவே ஒருவரின் ஸ்காலர் எண்ணை இன்னொருவரின் ஸ்கோப்பஸ் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

இனி உளவியலும் உடல்நலமும் சந்திக்கும் இடத்துக்கே உரிய சிக்கல்கள். மருத்துவப் பக்கம் சாய்ந்தவர்களுக்குப் பெரிய கூட்டு ஆய்வுகளில் இடம் கிடைக்கும். நூற்றுக்கணக்கானவர்கள் பெயர் போட்ட ஒரு கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்கும், அதில் நடுவில் எங்கோ இருக்கும் ஒருவர் என்ன செய்தார் என்று தலைப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உளவியலில் பொதுவாக முதல் பெயர்தான் முக்கிய உழைப்பு, மருத்துவ ஆய்வுகளில் கடைசிப் பெயர் பெரும்பாலும் குழுத் தலைவர். கட்டுரையின் முடிவில் "ஆசிரியர் பங்களிப்பு" என்று ஒரு பத்தி இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து அளவுகோல்கள். இந்தத் துறையில் மேற்கோள் மழை பெய்வது பெரும்பாலும் கண்டுபிடிப்புகளுக்கு இல்லை, கருவிகளுக்கு. ஷெல்டன் கோஹனும் உடனிருந்தவர்களும் 1983இல் வெளியிட்ட மன அழுத்த அளவுகோல், 2001இல் வந்த பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாள், நேர்காணல் போன்றவற்றில் திரும்பத் திரும்ப வரும் கருப்பொருள்களைப் பிரித்தெடுக்க பிரானும் கிளார்க்கும் 2006இல் எழுதிய கருப்பொருள் பகுப்பாய்வு முறை, இவற்றைப் பயன்படுத்துகிற ஒவ்வொருவரும் மேற்கோள் காட்டியே ஆகவேண்டும். அது பெரிய பங்களிப்புதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "என் கருவியைப் பலர் எடுத்துக்கொண்டார்கள்" என்பது ஒரு விதத் தாக்கம், "என் கருத்து பலரின் எண்ணத்தை மாற்றியது" என்பது வேறு விதம்.

எந்த விதம் என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருக்கிறது, மேற்கோள் காட்டிய வாக்கியத்தைப் படிப்பது. அவருடைய பட்டியலில் முதலில் நிற்கும் கட்டுரையின் மேற்கோள் எண்ணைச் சொடுக்குங்கள், காட்டியவர்களின் பட்டியல் வரும். அந்தப் பட்டியலுக்குள்ளேயே தேடவும் ஸ்காலரில் வசதி உண்டு. "தோல்வி" போன்ற ஒரு சொல்லைப் போட்டால் எதிர்த்து எழுதியவர்கள் சிலர் மேலே வருவார்கள். பத்துக் கட்டுரைகளைத் திறந்து, அவர் பெயர் வருமிடத்தைத் தேடுங்கள். "மன அழுத்தம் உடல்நலத்தைப் பாதிக்கிறது" என்று ஒரு வரி, அதன் முடிவில் அடைப்புக்குள் ஆறு பெயர், அதில் நான்காவது அவர் என்றால் அது போகிற போக்கில் வைத்த வணக்கம். ஒரு முழுப் பத்தி அவருடைய முடிவை எடுத்து, வேறு மக்களிடம் சோதித்து, இங்கே பொருந்தியது அங்கே பொருந்தவில்லை என்று பேசினால் அதுதான் எடையுள்ள மேற்கோள். பத்தில் அப்படி இரண்டு தேறினாலே நான் சந்தோஷப்படுவேன்.

சுய மேற்கோள்களைக் கழித்துப் பார்க்க ஸ்கோப்பஸில் வழி இருக்கிறது. ஒரே கேள்வியைத் தொடர்ந்து ஆராய்கிறவர் தன் பழைய கட்டுரையைக் காட்டுவது இயல்பு, கழித்த பிறகு எண் பாதியாகச் சரிந்தால்தான் கேள்வி. "உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி" என்று ஒருவர் போட்டிருந்தால், அது ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயனிடிஸ் குழு வெளியிடும் பட்டியல். அதில் வாழ்நாள் கணக்கு ஒன்று, ஒரே ஆண்டுக் கணக்கு ஒன்று என இரண்டு உண்டு. எது என்று கேளுங்கள், பலர் சொல்வதில்லை.

கடைசியாக, யாரும் செய்ய மறந்துவிடும் ஒரு சோதனை. 2015இல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி தேறியவை, அதாவது முடிவு வெறும் தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு என்று காட்டியவை, திரும்பச் செய்தபோது தேறியது 36 சதவீதம்தான். மேற்கோள் எண் இதைக் காட்டாது. ஹான்ஸ் ஐசெங்க் 1997இல் இறந்தபோது மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட உளவியலாளர்களில் ஒருவர். ஆளுமைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக அவர் ரொனால்ட் கிரோசார்த்-மாட்டிசெக்குடன் சேர்ந்து எழுதிய கட்டுரைகளை ஆராய்ந்த லண்டன் கிங்ஸ் கல்லூரி, 2019இல் 26 கட்டுரைகளை நம்பத்தகாதவை என்றது. அடுத்த ஆண்டு ஆய்விதழ்கள் அவருடைய கட்டுரைகள் பலவற்றைத் திரும்பப் பெற்றன, அதாவது இனி நம்பவேண்டாம் என்று அறிவித்தன. திரும்பப் பெற்ற கட்டுரை வாங்கிய மேற்கோள்கள் தாமாக அழிந்துவிடுவதில்லை. ஆகவே நீங்கள் பார்க்கும் ஆய்வாளரின் பெயரை, திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடுங்கள், இலவசம்தான். ஒன்றிரண்டு வந்தால் உடனே தீர்ப்பு எழுதாமல் காரணத்தைப் படியுங்கள். தன் பிழையைத் தானே கண்டு திரும்பப் பெற்றவர்களும் உண்டு, அவர்களை நான் கூடுதலாகவே நம்புவேன்.

குறிப்பு எழுதும்போது எண்ணோடு தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் போடுங்கள். அதற்குக் கீழே, அதிகம் பேசப்பட்ட இரண்டு கட்டுரைகள் என்ன சொன்னன, அவற்றை மற்றவர்கள் எதற்காக எடுத்தார்கள் என்று இரண்டு வரி.