தெருவிலிருந்து தோட்டத்துக்கு வந்த நாய்: அவசரப்பட்டு அவிழ்த்து விடாதீர்கள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ரோட்டில் அடிபட்டுக் கிடந்த நாயைத் தூக்கி வந்து காயம் ஆற்றி, குலசேகரம், அருமனைப் பக்கம் இருக்கிற ரப்பர் தோட்டத்தில் கொண்டு விடுவது நல்ல காரியம். ஆனால் போய் இறங்கியதுமே கயிற்றை அவிழ்த்து, "இவ்வளவு பெரிய இடம், இஷ்டம்போல ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள் பாருங்கள், பெரும்பாலான நாய்கள் தொலைந்து போவது அங்கேதான். நமக்குத்தான் அது விசாலமான தோட்டம். நாய்க்கு அங்கே தெரிந்த வாசனை ஒன்றுகூட இல்லை, சோறு போட்ட டீக்கடைக்காரர் இல்லை, கூடப் படுத்த நாய்கள் இல்லை. ஒரு மட்டை விழுந்த சத்தத்துக்குப் பயந்து ஓட ஆரம்பித்தால் எங்கே நிற்பது என்று அதற்கே தெரியாது, நம் தோட்டங்களில் பாதிக்கு மதிலும் கிடையாது, கிணற்றுக்குச் சுவரும் கிடையாது.

முதல் இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குப் பக்கத்திலேயே, மழை படாத ஒரு மூலையில் வையுங்கள். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே இடத்தில் சாப்பாடு. காலையும் மாலையும் நீளக் கயிற்றில் பிடித்துத் தோட்டத்தின் எல்லையைச் சுற்றிக் காட்டுங்கள். கூப்பிட்டால் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். அதற்காகப் பகல் முழுக்கச் சங்கிலியில் போட்டு ராத்திரி மட்டும் காவலுக்கு அவிழ்த்துவிடுவதும் சரியில்லை, அப்படி வளர்கிற நாய் எல்லாரையும் கடிக்கத்தான் பழகும்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்களை நாய்க்கு அறிமுகப்படுத்த மறந்துவிடுகிறோம். விடியும் முன்பே நெற்றியில் லைட்டும் கையில் கத்தியுமாக இருட்டுக்குள் ஒருவர் மரத்துக்கு மரம் நடந்தால் புதிய நாய் பாயத்தான் செய்யும். பகலிலேயே அந்த அண்ணாச்சியை வரச்சொல்லி, லைட்டை மாட்டிக்கொண்டு அவர் கையாலேயே இரண்டு பிஸ்கட் போடச் சொல்லுங்கள். பழகும் வரை வெட்டு நடக்கிற நேரம் மட்டும் நாயைக் கட்டிப்போடலாம். ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டையும் பூட்டி வையுங்கள், ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஃபார்மிக் ஆசிட் வாயையும் தொண்டையையும் வெந்துபோகச் செய்யும், தாகம் எடுத்த நாய்க்கு டிரேயில் இருப்பது தண்ணீரா ஆசிட் கலந்ததா என்று தெரியாது.

எலி மருந்துதான் எனக்கு மிகவும் பயம். மரச்சீனிக்கும் (மரவள்ளி) வாழைக்கும் எலித் தொல்லை என்று பக்கத்துத் தோட்டத்தில் வைத்த இரையை நாய் தின்றுவிடும். கறுப்பாகப் பொடியாகக் கிடைக்கிற ஜிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்ததும் விஷவாயு ஆகிறது. உடனே பாலும் சோறும் கொடுப்பார்கள், கொடுக்கவே கூடாது, சாப்பாடு உள்ளே போனால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம், அந்த வாந்தியிலிருந்து வருகிற வாயு பக்கத்தில் நிற்கிற நமக்கும் ஆபத்து. மருந்துப் பாக்கெட் கிடைத்தால் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். மருந்து வைக்கிற அன்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது இதைவிட எவ்வளவோ மேல்.

பாம்பும் அப்படித்தான். மோப்பம் பிடிக்கப் போய் மூக்கிலோ முன்காலிலோ கடி வாங்கும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குத்தான். ரப்பர் சருகுக்குள் சருகு நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் சின்னக் குழிவிரியனின் விஷத்துக்கு அது கேட்காது. அதனால் முகம் வீங்கினால் கீறாமல், கட்டாமல், பச்சிலை தேடாமல் நேரே ஆஸ்பத்திரி. எந்தப் பாம்பு என்று பார்த்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தில் மிச்சத்தை நாய்க்குத் தடவுவது, போடுவது எல்லாம் வேண்டாம். எடைக்குத் தக்க அளவு மாறும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது, உண்ணியும் எலிக்காய்ச்சலும் சேர்ந்தே வரும், காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் தினம் கைவிட்டுப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி எப்போதோ போட்டதாக யாராவது சொன்னால் அதை நம்பி இருக்காமல் திரும்பவும் போடுங்கள், வருஷா வருஷம் தொடருங்கள். குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடுங்கள்.

கோழியைத் துரத்தினால் அப்புறமாக அடிப்பதில் பயனே இல்லை, எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. கோழிக்கூட்டுப் பக்கம் கயிற்றோடு கொண்டுபோய்ப் பழக்குங்கள்.

நீங்கள் டவுனில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்துக்குப் போகிறவர் என்றால், ராத்திரி அங்கே தங்க வேறு ஆளும் இல்லை என்றால், தயவுசெய்து அங்கே நாயைக் கொண்டு விடாதீர்கள். உங்கள் வீட்டு வாசலிலேயே வளரட்டும், இல்லை தோட்டத்தோடு வீடு இருக்கிற யாருக்காவது கொடுங்கள்.